நாடகப் பட்டம் சோறு போடுமா? இராமநாதபுரம் கடற்கரைப் பிள்ளைகளுக்கு ஒரு கணக்கு

பாம்பன், தங்கச்சிமடம், கீழக்கரை, சாயல்குடி என்று கடலோரத்து ஊர்களிலிருந்து ஒரே கேள்வி மாற்றி மாற்றி வருகிறது. "நாடகம் படிக்க ஆசையாக இருக்கிறது. படித்தால் வருமானம் வருமா?" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். "இவ்வளவு செலவழித்துக் கூத்தாடத்தான் படிக்க வேண்டுமா?" என்று பெற்றோர் கேட்கிறார்கள். இரண்டும் பணக் கேள்விகள். ஆகவே பதிலையும் பணத்திலேயே சொல்வதுதான் மரியாதை. கலைக்கு விலை ஏது என்று பேசிவிட்டுப் போவது வசதியுள்ள வீட்டுக்குச் சரி. ஒரு வல்லத்தில் பங்கு வைத்திருக்கும் வீட்டுக்கு அது உதவாது.

கேட்பவர்களில் பலர் தம் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகை நம்பியிருக்கும் குடும்பத்தில் அந்த நாள்களில்தான் நகை அடகுக்குப் போகும். அதே நாள்களில்தான் கல்லூரிக் கட்டணமும் நிற்கும். அரசு தரும் 8,000 ரூபாய் தடைக்கால நிவாரணம் அரிசிக்கும் பலசரக்குக்குமே சரியாகப் போய்விடும். இந்த நிலையில் ஒரு பிள்ளை இரண்டு மூன்று ஆண்டு நாடகம் படிக்கப் போகிறது என்றால், அந்த முடிவின் ஒவ்வொரு ரூபாயையும் எண்ணிப் பார்க்கத்தான் வேண்டும்.

## எதை வைத்து எடை போடுவது

கல்லூரிக் கட்டணத்தை மட்டும் பார்த்து முடிவெடுப்பவர்கள்தான் அதிகம். நாடகப் படிப்பில் கட்டணம் பெரும்பாலும் சிறிய தொகை. உண்மையான செலவு வேறு இடங்களில் இருக்கிறது. எனவே வழிகளைப் பார்ப்பதற்கு முன் அளவுகோல்களைச் சொல்லிவிடுகிறேன்.

முதலாவது, கையிலிருந்து போகும் பணம்: கட்டணம், விடுதி, சாப்பாடு, ஊருக்கு வந்துபோகும் செலவு. இரண்டாவது, கைக்கு வராமல் போகும் பணம். இராமநாதபுரத்தில் ஒரு பட்டதாரி மாதம் 12,000 ரூபாய்க்கு ஏதோ ஒரு வேலையில் சேரலாம் என்று வைத்துக்கொண்டால், இரண்டு ஆண்டு மேற்படிப்பில் 2,88,000 ரூபாய் வராமல் போகிறது. இதை யாரும் செலவுக் கணக்கில் எழுதுவதில்லை. மூன்றாவது, முதல் வருமானம் எப்போது வரும் என்பது. நான்காவது, அந்தச் சான்றிதழ் இல்லாமல் திறக்கவே திறக்காத கதவு ஏதாவது உண்டா என்பது. ஐந்தாவது, படித்து முடித்து இந்தக் கடற்கரையிலேயே இருந்து பிழைக்க முடியுமா என்பது. கடைசியாக, எண்ணியது நடக்காவிட்டால் கையில் என்ன மிஞ்சும் என்பது.

இவற்றில் நான் அதிக எடை கொடுப்பது நான்காவதற்கு. மேடை எவரிடமும் பட்டச் சான்றிதழ் கேட்பதில்லை. சினிமாவும் கேட்பதில்லை. சான்றிதழ் கேட்கும் இடங்கள் மிகச் சில. அந்தச் சில இடங்களுக்குப் போக எண்ணம் உள்ளவருக்கு நாடகப் பட்டம் பணமாக மாறும். மற்றவருக்கு அது நல்ல பயிற்சி. அந்தப் பயிற்சியை அதைவிடக் குறைந்த செலவில் பெற வேறு வழிகள் இருக்கின்றன.

## முதல் வழி: பல்கலைக்கழகத்தில் நாடக முதுகலை

தமிழ்நாட்டில் பிளஸ் டூ முடித்தவுடன் நேராக நாடகத்தில் இளங்கலை சேர வாய்ப்பு மிகக் குறைவு. இராமநாதபுரம் சேதுபதி அரசு கலைக் கல்லூரியிலோ, இராமேஸ்வரத்தில் அப்துல் கலாம் பெயரில் இருக்கும் அரசுக் கல்லூரியிலோ நாடகத் துறை கிடையாது. கேரளத்தில் திருச்சூர் நாடகப் பள்ளியில் இளங்கலை உண்டு. ஆனால் அது மலையாள மேடை. நம் பிள்ளைகளுக்கு நடைமுறையில் கிடைப்பது, ஏதாவது ஒரு பட்டம் முடித்துவிட்டுப் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் நிகழ்கலைத் துறையில் இரண்டாண்டு முதுகலை, அல்லது தஞ்சாவூர் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் நாடகத் துறை. புதுச்சேரித் துறை சங்கரதாஸ் சுவாமிகள் பெயரில்தான் தொடங்கப்பட்டது. எழுத்தாளர் இந்திரா பார்த்தசாரதி அதன் தொடக்க காலத்தில் தலைமை வகித்தவர். கமுதி, முதுகுளத்தூர்ப் பக்கத்துக் கிராமங்களில் இன்றும் விடிய விடிய நடக்கும் "வள்ளி திருமணம்" நாடகத்தை எழுதியவர் இந்தச் சங்கரதாஸ் சுவாமிகள்தான்.

செலவைப் பார்ப்போம். இரண்டும் அரசுப் பல்கலைக்கழகங்கள் என்பதால், கட்டணம் தனியார் நடிப்புப் பள்ளிகளின் அளவுக்குக் கையைக் கடிக்காது. விடுதி, சாப்பாடு, கைச்செலவு என்று மாதம் 7,000 வைத்து, ஆண்டுக்குப் பத்து மாதம் கணக்கிட்டால் இரண்டு ஆண்டுக்கு 1,40,000. கட்டணம், புத்தகம், போக்குவரத்து எல்லாம் சேர்த்து ஓர் 60,000. இது என் உத்தேசம். சேரும் ஆண்டின் கட்டண விவரத்தை வாங்கித் திருத்திக்கொள்ளுங்கள். ஆக இரண்டு லட்சம் கையிலிருந்து போகிறது. வராமல் போகும் 2,88,000 ரூபாயையும் சேர்த்தால் இந்தப் பட்டத்தின் உண்மையான விலை ஏறக்குறைய ஐந்து லட்சம்.

மறைந்திருக்கும் செலவுகள் இரண்டு. புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் வாங்கிப் பழகிய அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு முதுகலையில் அது நின்றுவிடும். அந்தத் திட்டங்கள் முதல் பட்டத்தோடு முடிகின்றன. இன்னொன்று தயாரிப்புச் செலவு. நாடக மாணவர் ஒவ்வொரு பருவத்திலும் ஒன்றிரண்டு நாடகம் மேடையேற்ற வேண்டியிருக்கும். உடை, ஒப்பனை, மேடைப் பொருள் என்று சின்னச் சின்னதாகப் போகும் பணம் விடுதிக் கட்டணத்தைப் போல முன்கூட்டித் தெரியாது.

இனி, இது திறக்கும் கதவு. கல்லூரி ஆசிரியர் பணிக்கும் ஆய்வு உதவித்தொகைக்கும் தகுதி பார்க்கும் யு.ஜி.சி. நெட் தேர்வில் நடனம், நாடகம், அரங்கியல் சேர்ந்த நிகழ்கலை ஒரு தனிப் பாடம். அதன் எண் 65. முதுகலையில் 55 விழுக்காடு (பிற்படுத்தப்பட்டோர், பட்டியலினத்தவர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகளுக்கு 50 விழுக்காடு) எடுத்தவர் எழுதலாம். அதில் இளநிலை ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டுக்கு மாதம் 37,000, அதன்பின் 42,000. முதல் இரண்டு ஆண்டில் மட்டும் 8,88,000 ரூபாய் வருகிறது. பட்டத்துக்கான செலவு மொத்தமும், இழந்த சம்பளமும் அந்த இரண்டு ஆண்டிலேயே திரும்பிவிடும். தேர்வெழுதுவோரில் மிகச் சிலருக்கே இது கிடைக்கும் என்பதை மறைக்கக் கூடாது. ஆனாலும் இந்த மாவட்டத்துப் பிள்ளைக்கு ஒரு சாதகம் இருக்கிறது. கோயில் திருவிழாக்களின் ஸ்பெஷல் நாடகம், ஒயிலாட்டம், இயேசுவின் பாடுகளைச் சொல்லும் கடலோரக் கத்தோலிக்க ஊர்களின் பாஸ்கா நாடகம் என்று ஆய்வுக்குரிய களம் வீட்டு வாசலிலேயே இருக்கிறது. வெளியூர் ஆய்வாளர் ஆண்டுக்கணக்கில் அலைந்து பெற வேண்டிய பழக்கம் உங்களுக்குச் சிறு வயதிலேயே வந்துவிட்டது.

உதவிப் பேராசிரியர் பணியின் தொடக்க அடிப்படை ஊதியம் 57,700. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் நாடகத் துறை இருக்கும் இடங்கள் எத்தனை என்று எண்ணினால் விரல்கள் மிஞ்சும். வெளிமாநிலத்தில் இடம் கிடைத்தால் ஆங்கிலத்திலோ இந்தியிலோ வகுப்பெடுக்க வேண்டும்.

பெற்றோர் பலர் தவறாக நம்பும் ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். நாடக முதுகலை முடித்தால் அரசுப் பள்ளியில் நாடக ஆசிரியர் ஆகலாம் என்று நினைக்கிறார்கள். தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் ஓவியம், இசை, தையல், உடற்கல்வி ஆகியவற்றுக்குச் சிறப்பாசிரியர் உண்டு, நாடகத்துக்கு இல்லை. 2022-23 கல்வியாண்டு முதல் நடக்கும் கலைத் திருவிழாவில் நாடகப் போட்டிகள் நடக்கின்றன, பிள்ளைகள் பரிசு வாங்குகிறார்கள். அவர்களைத் தயார் செய்வது தமிழாசிரியரோ சமூக அறிவியல் ஆசிரியரோதான்.

இந்த வழி யாருக்கு? படிப்பில் பிடிப்புள்ளவருக்கு, எழுதவும் வாசிக்கவும் சலிக்காதவருக்கு, நெட் தேர்வை முதல் நாளிலிருந்தே குறிவைப்பவருக்கு. நடிகராக மட்டும் ஆக நினைப்பவருக்கு ஐந்து லட்சம் அதிகம்.

## இரண்டாவது வழி: தேசிய நாடகப் பள்ளி

டெல்லியில் 1959இல் தொடங்கிய தேசிய நாடகப் பள்ளியின் மூன்றாண்டுப் பட்டயப் படிப்பு, பணக் கணக்கில் மட்டும் பார்த்தால் எல்லாவற்றிலும் சிறந்தது. காரணம் எளியது: சேர்ந்த மாணவர் அனைவருக்கும் மாதந்தோறும் உதவித்தொகை உண்டு. வீட்டிலிருந்து போகும் பணம் மிகக் குறைவு. அதன் பட்டயத்தை இந்தியப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பு முதுகலைக்கு இணையாக ஏற்றிருக்கிறது. பெங்களூரில் அதன் மையம் ஓராண்டுப் படிப்பும் நடத்துகிறது.

ஆனால் நாடு முழுவதற்கும் சேர்த்து இடங்கள் சில பத்துகளே. பட்டம் முடித்திருக்க வேண்டும். வயது 30க்குள் இருக்க வேண்டும். குறிப்பிட்ட எண்ணிக்கையில் நாடகங்களில் பங்கேற்றதற்குச் சான்று வேண்டும். இந்தியும் ஆங்கிலமும் ஓரளவு தெரிந்திருக்க வேண்டும். மண்டபத்திலோ தொண்டியிலோ பிறந்து அரசுப் பள்ளியில் தமிழ்வழி படித்த பிள்ளைக்கு இந்தியே பெரிய சுவர். அதைத் தாண்டுவதற்கு ஓராண்டு முயற்சி தேவை. அந்த ஓராண்டையும் செலவாகவே எழுதிக்கொள்ளுங்கள்.

மூன்று ஆண்டு தமிழிலிருந்து விலகி இருப்பதும் ஒரு விலைதான். திரும்பி வரும்போது தமிழ் மேடையில் உங்களை அறிந்தவர் குறைந்திருப்பார்கள். விண்ணப்பிப்பதில் இழப்பு எதுவும் இல்லை. கிடைத்தால் மறு யோசனை வேண்டாம், போங்கள். இதை மட்டுமே நம்பி மற்ற வழிகளை மூடிவிடக் கூடாது.

## மூன்றாவது வழி: பட்டமில்லாமல் மேடை

இராமநாதபுரம் மாவட்டத்தில் நாடகம் இன்னும் ஒரு வேலையாக உயிரோடு இருக்கிறது. வெளியூர்க்காரர்கள் இதை நம்ப மாட்டார்கள். மாசி, பங்குனி தொடங்கி ஆடி வரை கோயில் திருவிழா நடக்கும் கிராமங்களில் ஸ்பெஷல் நாடகம் போடுகிறார்கள். ராஜபார்ட் (கதாநாயகன் வேடக்காரர்) ஓர் ஊர், ஸ்திரீபார்ட் (கதாநாயகி வேடக்காரர்) வேறு ஊர், பபூன் (கோமாளி) இன்னோர் ஊர், ஆர்மோனியக்காரர் மற்றோர் ஊர். ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பேசி வரவழைப்பார்கள்; ஒத்திகையே இல்லாமல் அன்றிரவே மேடையேறுவார்கள். பாட்டும் வசனமும் எல்லோருக்கும் பாடம். மேடையில் இருவர் பாட்டாலும் வசனத்தாலும் வாதிடும் தர்க்கத்தில் ஒருவர் புதிதாக ஒன்றை எடுத்துவிட்டால் மற்றவர் அந்தக் கணமே ஈடு கொடுக்க வேண்டும். எந்தப் பல்கலைக்கழகமும் இரண்டாண்டில் கற்றுத்தர முடியாத ஒன்று இது.

திருவிழாச் சமயத்தில் பேருந்து நிறுத்தச் சுவரில் ஒட்டியிருக்கும் நாடக நோட்டீஸை ஒரு முறை நின்று படித்துப் பாருங்கள். நடுவில் ராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும் பெரிய படமாக இருப்பார்கள்; பபூனும் டான்ஸும் அவர்களுக்குக் கீழே; ஆர்மோனியமும் மிருதங்கமும் ஓரத்தில் சிறிய வட்டத்துக்குள். ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் ஊர், பின்னால் பட்டம். யாருக்கு எவ்வளவு சம்பளம் என்பதையும் அந்தப் படங்களின் அளவே ஏறக்குறையச் சொல்லிவிடும். கடைசிப் படமாக இருப்பவர் நடுப்படமாக மாறப் பல சீசன் ஆகும்.

கணக்கு இது. புதிதாக மேடையேறும் இளைஞருக்கு ஓர் இரவுக்கு 2,000 என்றும், சீசனில் 60 இரவு என்றும் வைத்தால் 1,20,000. ஏஜெண்டுக்குக் கமிஷன், நாடக நடிகர் சங்கத்துக்குச் சந்தா, வண்டிச் செலவு கழியும். உடையும் விக்கும் நகையும் நடிகரின் சொந்தப் பொறுப்பு. ராஜபார்ட் உடையும் கிரீடமும் ஒரு தொகுப்பு வாங்கினாலே முதல் சீசன் வருமானத்தில் நல்ல பங்கு போய்விடும். பெயர் பெற்றவருக்கு இரவுச் சம்பளம் இதைப்போலப் பல மடங்கு. ஆனால் அந்த இடத்துக்குப் பாட்டு வேண்டும். பாட்டு வராத ராஜபார்ட்டை ஊர்க்காரர்கள் மறுமுறை அழைக்க மாட்டார்கள்.

இங்கே கடலோரக் குடும்பங்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. நாடக சீசனும் மீன்பிடித் தடைக்காலமும் பெரும்பகுதி ஒன்றாகவே வருகின்றன. கடலில் வருமானம் நிற்கும் சித்திரை, வைகாசியில் மேடையில் வருமானம் வரும். குடும்பத்தில் ஒருவர் மேடையில் இருந்தால் அந்த இரண்டு மாதம் அடகுக் கடையைத் தவிர்க்கலாம். ஐப்பசி, கார்த்திகையில் நிலைமை தலைகீழ். வடகிழக்குப் பருவமழையில் கடலும் கொந்தளிக்கும், திறந்தவெளி மேடையும் இருக்காது. இரண்டு வருமானமும் சேர்ந்தே படுத்துவிடும். அந்த மாதங்களுக்கென்று சீசனிலேயே எடுத்து வைக்காதவர் கடனில் விழுவார்.

மறைந்திருக்கும் செலவுகள் உடம்பிலும் மானத்திலும் இருக்கின்றன. இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடியும்வரை கத்திப் பாடும் தொண்டை, பகலில் தூக்கம், வைப்பு நிதி இல்லை, மருத்துவக் காப்பீடு இல்லை. பெண்களுக்கு இன்னும் கூடுதல். நள்ளிரவுப் பயணத்துக்குத் துணை வேண்டும், அந்தத் துணையின் செலவும் அவருடையதே. நாடகக்காரி என்ற பேச்சால் திருமணப் பேச்சு முறிந்துபோன குடும்பங்கள் இந்தத் தொழிலில் உண்டு. மூன்று வேளைச் சோற்றுக்காக இரவெல்லாம் நின்று பாடும் பெண்ணை ஊர் இப்படிப் பேசுவது அநியாயம். அந்த அநியாயத்தைக் கணக்கில் சேர்க்காமல் ஒரு பெண்ணிடம் இந்த வழியைப் பரிந்துரைப்பதும் அநியாயம்.

நலிந்த கலைஞர்களுக்குத் தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றம் வழியாக மாதம் 3,000 ரூபாய் உதவி உண்டு. 2007 முதல் நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியமும் இருக்கிறது. வாரிய அட்டையை மேடையேறிய முதல் ஆண்டிலேயே வாங்கிவிடுங்கள். அரசுத் துறைகள் விழிப்புணர்வுக் கலைக்குழுக்களை அமர்த்தும்போது அட்டை உள்ளவருக்கு வழி எளிது. வாக்காளர் விழிப்புணர்வு, போதை ஒழிப்பு, கடற்பசுப் பாதுகாப்பு என்று இந்தக் கடற்கரையில் வீதி நாடகத்துக்கு வேலை அவ்வப்போது வருகிறது. பணம் கைக்கு வரச் சில மாதம் ஆவது உண்டு.

இந்த வழியின் இன்னொரு கிளை சென்னை. 1977இல் ந. முத்துசாமி தொடங்கிய கூத்துப்பட்டறை நாடகக் குழுவிலிருந்து பசுபதி, குரு சோமசுந்தரம் போன்றோர் சினிமாவுக்குப் போனார்கள். விஜய் சேதுபதி அங்கே கணக்கெழுதியவர். இந்தப் பெயர்களைச் சொல்லித்தான் பிள்ளைகள் வீட்டில் வாதாடுகிறார்கள். அவர்களோடு பயின்று, சினிமாவுக்குப் போகாத நடிகர்கள் எத்தனை பேர் என்பதையும் அதே மூச்சில் கேட்க வேண்டும். குழுவில் பயிற்சி உண்மையானது, ஆழமானது. ஆனால் சென்னை வாடகையும் சாப்பாடும் மாதம் 10,000க்குக் குறையாது. வேறு வேலை பார்த்துக்கொண்டே பயிலும் திடம் இருந்தால் மட்டும் போகலாம்.

இந்த வழி யாருக்கு? குரல் இருப்பவருக்கு, ஊரை விட்டுப் போக மனமில்லாதவருக்கு, உறவில் யாராவது ஏற்கெனவே மேடையில் இருப்பவருக்கு. குரலைப் பக்குவப்படுத்த இராமநாதபுரத்திலேயே மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது. மிகக் குறைந்த கட்டணத்தில் வாய்ப்பாட்டும் மிருதங்கமும் கற்றுத்தருகிறார்கள். நாடகத்துக்கு வர நினைக்கும் பிள்ளைகள் அந்த வாசலை ஏன் மிதிப்பதில்லை என்பது எனக்கு நெடுநாள் ஆதங்கம்.

## நான்காவது வழி: வேறு பட்டம், கூடவே நாடகம்

பெற்றோர் விரும்பும் வழி இது. பிள்ளைகளுக்குக் கசக்கும் வழியும் இதுவே. தமிழிலோ ஆங்கிலத்திலோ இளங்கலை, பிறகு இரண்டாண்டு பி.எட்., ஆசிரியர் தகுதித் தேர்வு. அரசுப் பள்ளிப் பட்டதாரி ஆசிரியரின் தொடக்க அடிப்படை ஊதியம் 36,400. பணி கிடைத்துவிட்டால் மாலையும் கோடை விடுமுறையும் நாடகத்துக்கு. கோடை விடுமுறை சரியாக நாடக சீசனில் வருகிறது. அரசு ஊழியர் வெளியில் ஊதியம் வாங்கி நடிக்கத் துறையின் அனுமதி வேண்டும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

"கிடைத்துவிட்டால்" என்ற சொல்லில்தான் சிக்கல் எல்லாம். தகுதித் தேர்வில் தேறியும் பணிக்குக் காத்திருப்போர் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். காத்திருக்கும் காலத்தில் தனியார் பள்ளிச் சம்பளம் கடைச் சம்பளத்தைவிடப் பெரிதாக இருக்காது. ஆக இந்த வழியும் பாதுகாப்பானது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியாது. மற்ற வழிகளைவிட இதில் விழும் உயரம் குறைவு, அவ்வளவுதான்.

பணக் கணக்கில் இதன் பெரிய பலம் வேறு. இராமநாதபுரத்திலோ இராமேஸ்வரத்திலோ வீட்டிலிருந்தே போய்ப் படிக்கலாம். விடுதிச் செலவு இல்லை. மாதம் 1,000 ரூபாய் உதவியும் தொடரும். அந்த மூன்று ஆண்டிலும் மேடையை விட வேண்டியதில்லை. பாம்பனில் மீனவர்களுக்காகவே நடக்கும் கடல் ஓசை சமுதாய வானொலி 90.4 அலைவரிசையில் இருக்கிறது. அங்கே குரல் கொடுத்துப் பழகுங்கள். பெரிய வருமானம் வராது, ஆனால் ஒலிவாங்கிக்கு முன்னால் கூச்சம் போகும். வானொலி நாடகத்துக்கும் டப்பிங்குக்கும் அதுதான் முதல் படி.

இந்த வழியின் மறைமுக விலை காலம். இளங்கலை முடித்து, பி.எட். முடித்து, தேர்வெழுதிக் காத்திருந்து, வயது 27 ஆகும்போது நாடக ஆசை எங்கோ போயிருக்கும். அப்படிப் போனவர்கள் நம் ஊர்களில் நிறைய. நல்ல குரலும் நல்ல முகபாவமும் கொண்ட ஒரு பிள்ளை நாற்பது வயதில் பள்ளி ஆண்டுவிழாவுக்கு மட்டும் ஒப்பனைப் பெட்டியைத் திறப்பது குடும்பத்துக்கு இழப்பாகத் தெரியாது. மேடைக்கு அது இழப்பு.

## திரைப்படப் படிப்பும் தனியார் நடிப்புப் பள்ளியும்

தரமணி எம்.ஜி.ஆர். திரைப்பட நிறுவனத்தில் ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, ஒலிப்பதிவு, இயக்கம் போன்றவற்றில் நான்காண்டு இளங்கலை உண்டு. பிளஸ் டூ முடித்தவர் சேரலாம். ஒலியிலும் படத்தொகுப்பிலும் கைத்தொழில் கற்றவருக்கு நாடகப் பட்டதாரியைவிட விரைவில் வேலை கிடைக்கும். நடிப்புதான் வேண்டும் என்பவருக்கு இது பொருந்தாது. லட்சக்கணக்கில் கட்டணம் வாங்கிக்கொண்டு சில மாதத்தில் நடிகராக்குவதாகச் சொல்லும் தனியார் பள்ளிகளுக்கு நகையை அடகு வைக்காதீர்கள். அவர்கள் தரும் சான்றிதழை நெட் தேர்வும் ஏற்காது, நாடகச் சங்கமும் கேட்காது.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | நாடக முதுகலை | தேசிய நாடகப் பள்ளி | பட்டமில்லா மேடை | வேறு பட்டம், கூடவே நாடகம் |
|---|---|---|---|---|
| கையிலிருந்து போவது | சுமார் 2 லட்சம் | மிகக் குறைவு | உடை, பயணம் | குறைவு, வீட்டிலிருந்தே படித்தால் |
| இழக்கும் சம்பளம் | 2 ஆண்டு | 3 ஆண்டு, தயாரிப்புக்கு மேலும் 1 | இல்லை | பி.எட். காலம் |
| முதல் வருமானம் | 2 ஆண்டுக்குப் பின் | சேர்ந்த மாதமே உதவித்தொகை | முதல் சீசன் | 5 ஆண்டுக்குப் பின் |
| தனிக் கதவு | நெட், ஆய்வு, பேராசிரியர் பணி | அதுவும், நாடளாவிய தொடர்பும் | சங்கம், திருவிழா மேடை | ஆசிரியர் பணி |
| கடற்கரையிலேயே பிழைப்பு | ஆய்வுக் காலத்தில் மட்டும் | கடினம் | ஆம் | ஆம் |

## யாருக்கு எது

என் நிலைப்பாடு இது. பிளஸ் டூ முடித்த பிள்ளை முதலில் வீட்டுக்கு அருகில் ஒரு பட்டம் படிக்கட்டும். மூன்று ஆண்டும் மேடையில் இருக்கட்டும். இசைப்பள்ளி, வானொலி, ஊர்த் திருவிழா, கல்லூரி நாடகம் எதையும் விட வேண்டாம். ஒவ்வொரு மேடையேற்றத்துக்கும் நோட்டீஸ், படம், அழைப்பிதழ் எதையாவது பத்திரப்படுத்தி வைக்க வேண்டும். தேசிய நாடகப் பள்ளி கேட்கும் சான்று அதுதான். குருவிடம் 5 ஆண்டு பயின்ற 18 முதல் 25 வயதுக் கலைஞருக்கு மத்தியக் கலாசார அமைச்சகம் இரண்டாண்டுக்கு மாதம் 5,000 வீதம் தரும் இளம் கலைஞர் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும்போதும் அது கைகொடுக்கும்.

பட்டம் முடியும் ஆண்டில் மீண்டும் கணக்குப் போடலாம். புத்தகத்தோடு உட்காரப் பிடிக்கிறதா? புதுச்சேரியோ தஞ்சாவூரோ போகலாம். குரல் கூப்பிடுகிறதா? சங்கத்தில் சேரலாம். இரண்டும் உறுதியாகத் தெரியவில்லையா? பி.எட். சேர்ந்துவிட்டுச் சீசனில் மட்டும் நடிக்கலாம். தாய் தந்தையருக்கு உடல்நலம் குன்றி, உடனே பணம் வேண்டிய வீட்டில் மூத்த பிள்ளையாக இருந்தால் முதுகலையை இரண்டு ஆண்டு தள்ளிப் போடுங்கள். நாடக முதுகலைக்கு வயது தடையாக இருக்காது. பெண் பிள்ளைக்கு, வீட்டார் இரவு மேடைக்கு அனுப்பத் தயங்கினால், பல்கலைக்கழக வழி பணத்தைத் தாண்டியும் ஒன்றைத் தருகிறது: நாடகம் படிக்கிறாள் என்று சொல்வதற்கு ஊரில் ஒரு மதிப்பு. அந்த மதிப்புக்காக மட்டுமே இரண்டு லட்சம் செலவழிப்பது தகும் என்று நான் நினைக்கும் வீடுகள் இருக்கின்றன.

ஒன்றில் மட்டும் உறுதியாக இருக்கிறேன். நாடகப் படிப்புக்காகக் கல்விக் கடன் வாங்காதீர்கள். பிணையில்லாமல் வங்கி தரும், படிப்பு முடிந்து ஓராண்டு கழித்துக் கட்டினால் போதும் என்பதெல்லாம் உண்மை. ஆனால் 3 லட்சம் கடனை 10.5 விழுக்காட்டில் வாங்கினால், படிக்கும் இரண்டு ஆண்டும் அடுத்த ஓராண்டும் சேர்ந்து வட்டி மட்டும் 90,000 ரூபாய்க்கு மேல் ஏறியிருக்கும். அதன்பின் ஏழு ஆண்டு மாதம் 6,600 கட்ட வேண்டும். சீசன் வருமானத்தில் இருப்பவர் ஐப்பசியில் அதை எங்கிருந்து கட்டுவார்? பொறியியலுக்குக் கடன் வாங்கிய அண்ணனைப் பார்த்து நாடகத்துக்கும் வாங்காதீர்கள். மாதச் சம்பளம் இருப்பவருக்காக வகுத்த தவணை அது. கடன் வாங்கினால்தான் சேர முடியும் என்றால் ஓராண்டு வேலை பார்த்துச் சேர்த்துவிட்டுச் சேருங்கள்.

போவதென்று முடிவெடுத்தவர்களுக்கு ஒரு செய்தி. புதுச்சேரி முதுகலைக்கு மத்தியப் பல்கலைக்கழகப் பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். அதன் விண்ணப்பம் குளிர்காலத்திலேயே, நீங்கள் கடைசி ஆண்டில் இருக்கும்போதே வந்துவிடுகிறது. பட்டம் முடித்துவிட்டுப் பார்க்கலாம் என்று இருந்தால் ஓராண்டு வீணாகும். சாதிச் சான்று, வருமானச் சான்று இரண்டையும் ஐப்பசிக்குள் வாங்கி வையுங்கள். இராமேஸ்வரத்திலிருந்து சென்னை செல்லும் இரவு ரயிலில் ஏறினால் விழுப்புரத்தில் இறங்கி பஸ் பிடிக்கலாம். சேரும் முன் ஒரு முறை போய், இரண்டாம் ஆண்டு மாணவர்களிடம் விடுதிச் செலவையும் தயாரிப்புச் செலவையும் நேரில் கேட்டு, மேலே நான் எழுதிய 2 லட்சத்தை அடித்துத் திருத்திக்கொள்ளுங்கள்.